தலைக்கு ஒரு பிடி

அந்தக் கிறிஸ்தவச் சபையில் மொத்தம் பதினேழு வீடுகள். பதினேழு வீட்டுக்கு இத்தனை சட்டதிட்டமா என்று உத்தமபாளையம் கடைத்தெருவில் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மற்ற கோயில்களில் இன்ன ஜாதிக்கு இன்ன மூலை என்று பாய் விரித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே முந்தி வந்தவர் முன்னால், பிந்தி வந்தவர் பின்னால். அதுதான் சட்டம். போதாததற்கு, பள்ளிக்கூடத்து டீச்சர் சொர்ணலதாவை ஓட்டுப் போட்டு மூப்பராகவே ஆக்கிவிட்டார்கள். "பொம்பள மூப்பரா? அப்ப உபதேசியாருக்குச் சேலையா?" என்று ஊர் ஒரு வருஷம் கேட்டது. பதில் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. ஊரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்தது.

சட்டங்களில் பெரிய சட்டம் பிடியரிசி. காலையில் உலைக்கு அரிசி எடுக்கும்போது, வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பிடி அள்ளித் தனிப்பானையில் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பானையைக் கோயிலுக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். தலைக்கு மாதம் ஒரு படி, மூன்று மாதத்துக்கு மூன்று படி. வீட்டுக்காரி எழுந்து நின்று எங்கள் வீட்டில் இத்தனை தலை என்று சபை கேட்கச் சொல்வாள். வேறொருத்தி அளப்பாள். அரைப்படி குறைந்தால் யாரும் கேட்பதில்லை. கூடினால் மட்டும் விடமாட்டார்கள். கூடுதலை அங்கேயே அளந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இதென்ன கூத்து, கொடுக்கிற அரிசியை வேண்டாம் என்பார்களா என்றால், காரணம் இருந்தது. முன்பொரு வருஷம் வயல்காரர் ஒருவர் மூட்டை அரிசியைக் கொண்டுவந்து நடுக்கோயிலில் நிறுத்தினார். சின்னக் கலயத்தோடு வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கே கூடிப் பேசி எழுதிவிட்டார்கள்: தலைக்கு ஒரு பிடி, அதற்கு மேல் கிடையாது. "கூடக் குடுக்கணுமின்னு ஆசையா இருந்தா வெறகு பொளக்க வாங்க" என்பாள் சொர்ணலதா.

மூன்று மாதம் முன்பு, ஆனிக் கடைசியில் நடந்த அளப்பில் கிருபாவதி எழுந்து, "எங்க வீட்டுல மூணு தல" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த மகள் லீதியாளின் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். நாலாம் நாள் லீதியாள் குளிர்காய்ச்சலில் போய்விட்டாள். பதினாலு வயது. ஒரே பிள்ளை.

கிருபாவதி அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை, அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வந்தவர்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவர்கள் தலைமயிர் அவள் வாயில் பட்டது, அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி வெளியே போய்ச் சொன்னாளாம். அப்படிச் சொன்ன வாய்க்கு நல்ல கதி வருமா?

அவளுக்கு நாக்கில் ருசியே போய்விட்டது. உப்பா, புளியா, ஒன்றும் தெரியவில்லை. குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டு மொக்கம்மாளைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வாள். மொக்கம்மாளும் சபைதான். மார்த்தாள் என்று ஞானஸ்நானப் பெயர் ஒன்று ஏட்டில் இருந்தது, அதற்கு அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். "எனக்கு வேற சோலி இல்ல பாரு, ஊரு கொழம்புக்கெல்லாம் உப்புப் பாக்க" என்று வைதுகொண்டே வந்து, நக்கிப் பார்த்து, போட்டுவிட்டுப் போவாள்.

கிருபாவதிக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கொஞ்சம் சுரணை இருந்தது. அது புருஷன் மேலிருந்த கசப்பு. மாசிலாமணி கொத்தனார். பிள்ளையைப் புதைத்த மூன்றாம் நாள் சுண்ணாம்பு குழைத்துத் தன் கையாலேயே கல்லறை கட்டினான். கரணையால் நாலு பக்கமும் இழைத்து, தள்ளி நின்று கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மறுநாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அந்த ஒரு கண்ணை மூடிப் பார்த்ததை அவளால் மறக்க முடியவில்லை. பிள்ளை பேரை அவன் எடுக்கவே இல்லை. இவனுக்கு அது ஒரு சுவர், கட்டி முடித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அவளும் பேரை எடுக்கவில்லை. வீட்டில் பேச்சு என்றால் "தண்ணி காஞ்சிருச்சு", "சரி" என்பதோடு சரி.

விடியற்காலையில் அவன் எழுந்து அடுப்பங்கரைக்குப் போவது கேட்கும். பானை மூடி எடுத்து வைக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர் குடிக்கிறான் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

பிறகு அவள் எழுந்து உலை வைப்பாள். அரிசியை முறத்தில் கொட்டுவாள். பிடியரிசிப் பானை மூலையில் இருக்கும். புருஷனுக்கு ஒரு பிடி, தனக்கு ஒரு பிடி. இரண்டு போட்டதும் கை நிற்காது. மூன்றாவதும் போடும். பிள்ளை போன மறுவாரம் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டாள். அடுத்த நாள் தெரிந்தே போட்டாள். அதற்கடுத்து, போடாமல் அடுப்பு மூட்ட முடியவில்லை. யுத்த வருஷம். பர்மா அரிசி நின்றுபோய், அரிசிக்குக் கடை வாசலில் கால்கடுக்க நிற்க வேண்டியிருந்தது. வீட்டு அரிசி மாதக் கடைசிக்கு முன்னே தீர்கிற நிலைக்கு வந்து, பிடிக்கு மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கேப்பைக்களி தின்றார்கள். ஏன் தீர்கிறது என்று அவள் யோசிக்கவில்லை. எதைத்தான் யோசித்தாள்?

ஐப்பசி பிறந்தது. மேற்கு மலை மேகத்துக்குள் போய்விட்டது. வாய்க்கால் நிறையத் தண்ணீர், வீடு நிறையக் காய்ச்சல். வருஷா வருஷம் இந்த மாதத்தில்தான் சபையில் அறுப்பின் பண்டிகை. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை பிடியரிசி அளப்பு. அந்த அரிசியைக் கோயில் வராந்தாவில் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சி, காய்ச்சல்காரர் யார் வந்தாலும் ஊற்றுவார்கள். யார் என்றால் யாருமே. இந்துவா, துலுக்கரா, எந்தத் தெரு என்று கேட்பதில்லை. பஜாரில் மளிகை வைத்திருந்த உமர் பாருக் உப்பு முழுவதும் தன் பொறுப்பு என்று மூட்டையாகவே அனுப்பிவிடுவார்.

வேலை பிரிக்க மாதர் சங்கம் கூடியது. சொர்ணலதா நோட்டை விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அண்டா வெளக்க ஆரு?"

"நான்" என்றாள் கிருபாவதி.

"வெறகு சேக்க?"

"நான் போறேன்."

"படுக்கையில கெடக்கிறவுக வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோக?"

"நானே கொண்டுபோறேன் டீச்சர்."

மொக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, உனக்கென்ன பத்துக் கையா இருக்கு? எங்களுக்கும் கொஞ்சம் புண்ணியத்த விட்டு வைய்யி."

எல்லாரும் சிரித்தார்கள். பாவம், பிள்ளை துக்கத்தை வேலையில் கரைக்கிறாள் என்று உச்சுக்கொட்டினார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அவள் பயந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை எழுந்து நிற்க வேண்டும். எத்தனை தலை என்று சொல்ல வேண்டும். இரண்டு என்றால், பானையில் கூடுதலாக இருக்கிற மூன்று படியை அளந்து திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையின் பங்கைச் சபை வேண்டாம் என்று திருப்பினது போலாகும். மூன்று என்றால் கோயிலில் நின்று சொன்ன பொய்யாகும். இரண்டும் அவளால் ஆகாது. ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்தால் அன்றைக்கு உட்காரவே நேரமில்லாமல் போய்விடாதா என்பதுதான் அவள் கணக்கு.

கடைசியில் கேட்டும் பார்த்தாள். "இந்தத் தடவ படியை நானே பிடிக்கிறேன் டீச்சர். எங்க வீட்டுப் பானைய அடுத்த அளப்புக்குச் சேத்துக் கொண்டாந்துர்றேன்."

சொர்ணலதா கண்ணாடியைக் கழற்றினாள். நோட்டில் போன அளப்புக்குக் கிருபாவதி வீட்டில் மூன்று தலை என்று இருப்பது அவளுக்குத் தெரியும். லீதியாள் அவளிடம் படித்த பிள்ளை. "படி நீயே பிடி. ஆனா பானையும் வரணும் கிருபா. ஒரு வீட்டை விட்டுட்டு அளந்தா அது சபை அளப்பு இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சட்டத்தையும் விடவில்லை.

சனிக்கிழமை காலை தூறல். மாசிலாமணி வேலைக்குப் போகவில்லை, கஞ்சிக்குக் கல் அடுப்புக் கூட்டவேண்டியது அவன் பொறுப்பு. பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வாய்வரை நிறைந்திருந்தது. மேலே வேப்பிலை போட்டு மூடித் துணியால் கட்டியிருந்தான். அவளும் பின்னால் நடந்தாள். தோளில் கனம் தாங்காமல் அவன் இரண்டு இடத்தில் நின்று தோள் மாற்றியதைப் பார்த்தாள். வயதாகிறது என்று நினைத்தாள்.

கோயிலுக்குள் பாய் விரித்து, நடுவில் வெள்ளைத்துப்பட்டி போட்டிருந்தது. உபதேசியார் சின்னதாக ஜெபம் செய்து, மடமடவென்று முடித்துவிட்டார், வெளியே காய்ச்சல்காரர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கிருபாவதி படியைப் பிடித்தாள். ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்குவது எல்லாக் களத்திலும் வழக்கம்தான், இங்கும் அப்படித்தான். லாபம், ரெண்டு, மூணு. "எங்க வீட்டுல அஞ்சு தல." லாபம், ரெண்டு, மூணு. "எங்க வீட்டுல நாலு. மருமக மாசமா இருக்கா, அதையும் சேத்தா நாலரை." சிரிப்பு. பதினைந்து படி, பன்னிரண்டு, ஒன்பது. ஒரு வீட்டில் ஒரு படி கூடியது, சொர்ணலதா கறாராகத் திருப்பி அளக்கச் சொன்னாள். அந்த ஒரு படியைத் தன் கையாலேயே அந்த வீட்டுக்காரியின் மடியில் கொட்டிவிட்டு, கிருபாவதி தன் வீட்டுப் பானையைத் திரும்பிப் பார்த்தாள்.

பதினாறு வீடு முடிந்தது.

"கிருபாவதி வீடு" என்றாள் சொர்ணலதா. "படிய மொக்கம்மாகிட்டக் குடு."

கொடுத்தாள். எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சபை முழுவதும் அவளைப் பார்க்காதது போல் வேறெங்கோ பார்த்தது, அது இன்னும் மோசம். எவ்வளவு நேரம் நின்றாளோ.

"சரி, மொதல்ல அளந்துருவோம்" என்றாள் சொர்ணலதா. "பெறகு சொல்லட்டும்."

மொக்கம்மாள் வேப்பிலையை ஒதுக்கிவிட்டு அளந்தாள். "லாபம். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு." ஆறில் ஒரு மூச்சு நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு தலைக்கு ஆறு. பானையில் இன்னும் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏழு. எட்டு. ஒம்பது."

ஒன்பது என்று கிருபாவதிக்குத் தெரியும். அதோடு தீர வேண்டும். அவள் மூன்று பிடிதானே போட்டாள்.

"பத்து" என்றாள் மொக்கம்மாள்.

தப்பாக எண்ணுகிறாள் என்று நினைத்தாள் கிருபாவதி.

"பதினொண்ணு. பன்னெண்டு." மொக்கம்மாள் பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். "பதிமூணு. ஏத்தா, என்னாத்தா இது? நாலு தலைக்கு மேல வருது!"

சொர்ணலதா பென்சிலை நோட்டில் வைத்தபடி இருந்தாள். கிருபாவதி தன் கையைப் பார்த்தாள். அந்தக் கை தினமும் மூன்று பிடி அள்ளிய கை, அதற்கு நன்றாகத் தெரியும். நாலாவது பிடியை யார் போட்டது? பானை அடுப்பங்கரையில் இருக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

விடியற்காலையில் பானை மூடிச் சத்தம் கேட்டது ஞாபகம் வந்தது. தண்ணீர்ப் பானைக்கு மரத்தட்டு மூடி. மரம் அப்படிச் சத்தம் போடாது. பிடியரிசிப் பானையின் மண் மூடிதான் அப்படிச் சத்தம் போடும். தொண்ணூறு நாள் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள். மாசிலாமணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுப்புக் கூட்டிய சேறு முழங்கைவரை இருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, துப்பட்டியில் குவிந்திருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கணக்கு இப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குத் தான் ஒருவன் மட்டுமே போடுவதாக அவனும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கொத்தனாரின் பெரிய கை. மூன்று படிக்கு நாலு படி வந்ததற்கு அதுதான் காரணம்.

"ரெண்டு" என்றாள் கிருபாவதி. சத்தமாகவே வந்தது. "எங்க வீட்டுல ரெண்டு தல டீச்சர்."

சொர்ணலதா எழுதிக்கொண்டாள். மொக்கம்மாள் படியைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், இந்த ஒரு வாட்டி சட்டத்த..." என்று இழுத்தாள். உபதேசியாரும் தொண்டையைக் கனைத்தார்.

"வேண்டாம்" என்றாள் கிருபாவதி. "ஆறு சபைக்கு. மிச்சத்தத் திருப்பி அளந்துரு மொக்கம்மா."

மொக்கம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அளந்தாள். லாபம் முதல் ஏழு வரை. ஏழு படியும் பானைக்குத் திரும்பிப் போயிற்று. கிருபாவதி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாய்களைத் தாண்டி, வாசலில் நின்ற புருஷனையும் தாண்டி வராந்தாவுக்குப் போனாள். முதல் அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சபை அரிசி வந்து சேரும் முன் இவள் தன் அரிசியைக் களைந்து போட்டாள். ஏழு படியும் போட்டாள். இதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்த அரிசி, வீட்டுக்காரி இஷ்டம். சொர்ணலதா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

மாசிலாமணி வந்து குந்தி உட்கார்ந்து விறகைத் தள்ளினான். ஈர விறகு, புகைந்தது. இரண்டு பேரும் அண்டாவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?" என்றாள்.

"நீ மட்டும் சொன்னியா?" என்றான்.

துடுப்பால் கிண்டினாள்.

விறகை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு அவனே சொன்னான். "வேலைக்குப் போற எடத்துல எல்லாம் கேப்பாக, எத்தன பிள்ளைன்னு. ஒண்ணுன்னுதான் சொல்லுறேன் இன்னமும். அவளுக்குன்னு காலையில ஒரு பிடி போட்டாத்தான் அன்னைக்குச் சொல்ல வாய் வரும். நீ மறந்துட்டன்னு நெனச்சேன். அழுகவே இல்லையே நீ."

மறந்துவிட்டாளாம்! கிருபாவதிக்குக் கோபம் வந்தது. மூன்று மாதத்தில் முதல் கோபம். எதையாவது சொல்லிவிடுவோம் என்று வாயை மூடிக்கொண்டு, கஞ்சி வெந்துவிட்டதா என்று அகப்பையில் கொஞ்சம் எடுத்தாள். வழக்கமாக மொக்கம்மாளைக் கூப்பிடுகிறவள், ஊதி, தன் வாயிலேயே விட்டுக்கொண்டாள்.

சப்பென்று இருந்தது.

இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தாள். ஆமாம், சப்பென்றுதான் இருந்தது. உப்பே போடவில்லை.

"அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக?" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். வரிசையில் இருந்த காய்ச்சல்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "கஞ்சியில உப்பு இல்ல. எந்திரிச்சுப் போயி உப்ப எடுத்தாங்க! பிள்ள அரிசி, இப்படிச் சப்புன்னா ஊத்துறது?"

மாசிலாமணி எழுந்து ஓடினான். மூட்டையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தான், கையில் பிடித்த வரை. அவள் அந்தக் கையைப் பிடித்து அண்டாவுக்கு மேலே கொண்டுபோனாள். சுண்ணாம்பில் வெடித்துப் புண்ணான கை, உப்புப் பட்டு எரிந்திருக்கும். "பாதி போடுங்க. உங்க பிடி பெரிய பிடி" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் பாதியைப் போட்டுவிட்டு, மீதி உப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து ஓடிவந்த மொக்கம்மாள் அகப்பையை வாங்கிக்கொண்டாள். வரிசையில் முதலில் இருந்த பெண் சட்டியை நீட்டினாள். மொக்கம்மாள் ஊற்றினாள். அதற்கடுத்தவரும் நீட்டினார்.